முத்திரை ஆய்வாளர் வீட்டுக் குளவிக் கூடு

ஜூலை 3, புதன்

ஓய்வு பெற்று மூன்றாவது நாள். முப்பத்து நான்கு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் லிட்டர் குவளையையும் சோதித்தவன். இன்று எனக்குச் சோதிக்கக் கிடைத்தது சமையலறை மட்டும். அரிசி அளக்கும் படியில் அளவு கொஞ்சம் குறைகிறது என்று சொன்னேன். சுலோசனா, "கல்யாணமான நாள்லேருந்து அந்தப் படியிலதான் உங்களுக்குச் சோறு. போயி ஏதாவது எழுதுங்க" என்றாள். ஆகவே இந்த டைரி. முதல் ஆறு மாதப் பக்கங்கள் காலி.

மாலை 5.20. பின் அறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடியில் ஒரு குளவி. செம்பழுப்பு நிறம். இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு மெல்லிசு. எதையோ மென்று மென்று ஒரு காம்பு கட்டியிருந்தது. காம்பின் நுனியில் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் அறை, மிளகு அளவு. நாளைக்கு விளக்குமாற்றால் தட்டிவிட வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

தட்டவில்லை. இன்னும் இரண்டு அறை கட்டிவிட்டது. நடுவே அகப்பட்ட சுவர்கள் நேராக நிற்கின்றன. ஸ்கேல் இல்லாமல் இதை எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு தட்டலாம்.

ஜூலை 7, ஞாயிறு

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெங்களூர் போன் வரும். இந்த டைரியில் பெங்களூர் என்று எழுதினால் அது ஊர் அல்ல, என் ஒரே மகள். பெயரை எழுத இப்போதைக்கு மனமில்லை. அவளோடு நான் பேசி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. வங்கி அதிகாரி வேலையை, அதுவும் அரசு வங்கி, ராஜினாமா செய்துவிட்டு அதன் பிறகுதான் வீட்டில் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். குளவிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

சுலோசனாவின் போனில் ஒலிபெருக்கி மிகவும் சத்தம். கூடத்தில் பேப்பர் படிக்கிறவன் காதில் விழத்தான் செய்யும். நம் வீட்டிலேயே குளவி கூடு கட்டுகிறது என்று சுலோசனா சொன்னதும் பெங்களூர் வெகுநேரம் சிரித்தது. அவ்வளவு சிரிக்க அவசியம் இல்லை. பிறகு, கூட்டைத் தட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னது.

நான் நான்கு நாளாகத் தட்டாமல்தான் இருக்கிறேன். இனித் தட்டாமல் இருந்தால் அவள் சொல்லித்தான் தட்டாமல் விட்டது போல ஆகிவிடும். ஆகவே பதிவு செய்கிறேன்: தட்டாதது என் சொந்த முடிவு.

ஜூலை 15, திங்கள்

அறைகள் பதினொன்று. எஃகு ஸ்கேலை ஒரு கழியில் கட்டி விட்டத்தை அளந்தேன். சுலோசனா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீசில் போட்ட கையெழுத்தை விட இது தேவலை என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

ஜூலை 20, சனி

வலது புருவம் வீங்கிவிட்டது. கதவு இடித்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

சுலோசனா போனில் கதவு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பெங்களூர் கேட்ட கேள்வி: "அந்தக் கதவுக்குக் கொடுக்கு இருந்துச்சாம்மா?"

கூட்டுக்கு நேராக மூச்சு விடக் கூடாதாம். நம் மூச்சுக்காற்று பட்டாலே அவற்றுக்குக் கோபம் வருமாம். இதை முன்பே சொல்லியிருக்கலாம். இனி வாயில் துண்டு கட்டிக்கொண்டு அளப்பதாக நானே முடிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அறைகள் நாற்பத்து மூன்று. பெரிய குளவிகள் ஒன்பது. எட்டு குளவிகள் புழு பிடித்து வந்து, உருண்டை பிடித்து, குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. ஒன்று மட்டும் நடுவில் உட்கார்ந்தே இருக்கிறது. ஒருவரையும் அதட்டுவதில்லை, ஒரு வேலையும் செய்வதில்லை, ஆனாலும் எல்லாம் நடக்கிறது. எனக்கு மேலே இருந்த ஓர் அதிகாரி இப்படித்தான். அதுதான் ராணி என்று பெங்களூர் சொன்னதாகச் சுலோசனா சொன்னாள். நான் ஏற்கெனவே ஊகித்திருந்தேன்.

மதியம் தூங்கவில்லை. ஓர் அறையின் மூடியைக் கடித்துத் துளைத்துக்கொண்டு ஒரு புதுக் குளவி தலையை நீட்டியது. முழுதாக வெளியே வர முக்கால் மணி நேரம். சுலோசனாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணு பொறந்தப்ப நீங்க தஞ்சாவூர்ல தராசு பாத்துக்கிட்டிருந்தீங்க" என்றாள். குளவியைப் பார்க்க வந்தவள் குளவியைப் பற்றிப் பேசலாம்.

ஆகஸ்ட் 24, சனி

மாலை 6.45. கூட்டில் ஒரு சின்ன விட்டில் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பேப்பரின் நடுத்தாள் எங்கே என்று சுலோசனா கேட்டாள். தெரியாது என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று பெங்களூர் குரல் சரியில்லை. அவள் ஏழு மாதமாகப் பார்த்துவந்த மூன்று கூடுகளையும், கட்டிடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சுரண்டி எறிந்துவிட்டார்கள். எறிந்த இடத்தில் குப்பையைக் கிளறிப் பார்த்தாளாம்.

இன்னொன்றும் தெரிந்தது. அவள் ஆராய்ச்சி குளவியைப் பற்றியே அல்லவாம். ஓர் அந்துப்பூச்சியைப் பற்றி. நாம் விட்டில் என்போமே, அந்தச் சாதி. அது குளவிக் கூட்டில் வந்து முட்டை வைக்குமாம். பொரிந்த புழுக்கள் அறைக்கு அறை துளைத்துக்கொண்டு போய், உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சுகளைத் தின்னுமாம். தின்று முடித்து அங்கேயே பட்டு நூலால் கூடு பின்னிப் படுத்துக்கொள்ளுமாம். இவ்வளவும் காலடியிலேயே நடக்கும், பெரிய குளவிகள் அதன் மேலேயே நடந்துகொண்டிருக்கும், அவற்றுக்குத் தெரியாதாம். கொட்டத் தெரிந்த ஜந்துவை இப்படி ஏமாற்ற முடியும் என்றால் நான் முத்திரை குத்திய தராசுகள் எல்லாம் எந்த மூலைக்கு?

ஒரு கூட்டை அது தொடங்கிய நாளிலிருந்து, இந்தப் பூச்சி வந்து அழிக்கும் நாள் வரை, நாள் தவறாமல் எழுதிய பதிவு ஒன்றாவது அவளுக்கு வேண்டும். முப்பதாம் தேதி குழு கூடுகிறது. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் உதவித்தொகையை நீட்டிக்க மாட்டார்கள். "வேற வேலை பாக்க வேண்டியதுதாம்மா" என்று சொன்னாள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன். நான் சந்தோஷப்பட வேண்டிய செய்தி இது. மதியம் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டேன். ரசத்தில் உப்பு சரியில்லை. சுலோசனா எப்போதும் போடும் உப்புதான் என்கிறாள்.

செப்டம்பர் 4, புதன்

ஓரத்து அறைகளில் வெள்ளை நூலாம்படை. டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று அறைகளில் குளவிக் குஞ்சு இல்லை. அந்த இடத்தில் கருந்தலையோடு வேறு ஒரு புழு நெளிகிறது. அறைக்கும் அறைக்கும் நடுச்சுவரில் துளை. அதன் பக்கத்திலேயே ஒரு குளவி கால்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். பத்து நிமிடத்தில் அத்தனை புழுவையும் நெம்பி எடுத்துவிடலாம், கூடு பிழைத்துவிடும். என் கண்ணெதிரே அறுபத்து நான்கு நாள் வளர்ந்த கூடு. இறங்கிவிட்டேன்.

"ஏன் இறங்கிட்டீங்க?" என்றாள் சுலோசனா.

தலை சுற்றியது என்றேன்.

உட்கார்ந்து யோசித்ததை எழுதிவிடுகிறேன். புழுவை எடுத்தால் குளவி பிழைக்கும், ஆனால் பெங்களூருக்கு வேண்டியது போய்விடும். எடுக்காமல் விட்டுவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருந்தால், குளவியும் போகும், அவளுக்கும் ஒன்றும் கிடைக்காது, அவள் வங்கி வேலைக்கே திரும்புவாள். நான் ஒரு வருடமாகக் கேட்டது அதுதான். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும், எனக்கு வேண்டியது நடக்கும்.

சுலோசனாவிடம் நூலாம்படையைப் பற்றிச் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பக்கத்து வீட்டு ராமசுப்பு காலை எட்டு மணிக்கு, கழி நுனியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். சுவரோரம் துணி காயப்போட்ட அவர் மனைவியின் புறங்கையில் குளவி கொட்டியிருக்கிறது. கை வீங்கி வளையல் இறுகிவிட்டதாம். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

"நீங்க தள்ளுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

ரெண்டு நிமிடம்தான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், தள்ளி நின்றால் போதும். ஆனால் ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"அது என் பொண்ணோட கூடு. கை வைக்காதீங்க" என்றேன்.

அவர் என்னையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கே அந்த வாக்கியம் புதிதாக இருந்தது. திரும்பினால் சமையலறை வாசலில் சுலோசனா கரண்டியோடு நிற்கிறாள்.

பிறகு சமாதானமாகப் பேசினோம். சுவர்ப் பக்கம் பழைய கொசுவலையை நானே கட்டித் தருகிறேன், இருபதாம் தேதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மனைவியிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அந்த அம்மாள் காபி கொடுத்தார்கள், இடது கையால்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போன் வருவதற்கு முன்பே சுலோசனாவிடம் சொல்லி, கூட்டின் போட்டோ எடுத்து அனுப்ப வைத்தேன். நூலாம்படை தெரிகிற மாதிரி. இரண்டே நிமிடத்தில் போன்.

எத்தனை அறை என்று கேட்டாள். சுலோசனா கூடத்துக்கு வந்து கேட்டுப் போய்ச் சொன்னாள். முதல் அறை எப்போது? வந்தாள், போனாள். மூடிய அறை எத்தனை? வந்தாள். முதல் குளவி வெளியே வந்த நாள்? ஒன்பதாவது கேள்விக்குச் சுலோசனா போனைக் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"எனக்கு முட்டி வலிக்குது. நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். முட்டி வலிக்கிறவள் மாடிப்படி ஏறுகிறாள்.

போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "அப்பா?"

"அம்பத்தேழு அறை" என்றேன். "மூடினது பதினாலு. நூல் கட்டினது ஒம்பது."

"விட்டம் எவ்வளவுப்பா?"

"நாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர். தினம் சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு அளக்குறேன்."

"தினமுமா?"

"தினமும்."

அதன் பிறகு இருபத்திரண்டு நிமிடம் எண்களாகவே பேசினோம். நான் இவ்வளவு சரளமாகப் பேசி வருடக்கணக்காகிறது. கடைசியில், நான் வரட்டுமா அப்பா என்று கேட்டாள். கூடு இங்கேதானே இருக்கிறது என்றேன். வா என்று சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 12, வியாழன்

நாளைக் காலை ரயிலில் வருகிறாள். அவளுக்கு என் பதிவு வேண்டும். இந்த டைரியை எப்படிக் கொடுப்பது? புது நோட்டு வாங்கி, குளவி விவரங்களையும் ஓரத்தில் குறித்திருந்த தினசரி அளவுகளையும் மட்டும் பார்த்து எழுதினேன். ரசம், முட்டி, பெங்களூர் எல்லாவற்றையும் தள்ளினால் குளவிக்கு ஒன்பது பக்கம்தான் தேறியது. இத்தனை நாள் குளவியைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 24 வந்ததும் பேனாவை மூடிவைத்து யோசித்தேன். அந்த ஒரு நாளை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

எழிலரசி வந்தாள்.

மெலிந்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. பையை வைத்தவள் நேராகப் பின் அறைக்குப் போய், சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டாள். இறங்கி வந்து நோட்டைத் தரையில் விரித்துப் படித்தாள். ஒவ்வொரு பக்கமும் புரட்டப் புரட்ட என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, ஆகஸ்ட் இருபத்தி நாலு மட்டும் இல்லையே?"

அன்றைக்கு வெளியே போயிருந்தேன் என்று சொன்னேன்.

"எங்க போனீங்க? அன்னிக்கு நாள் பூரா வீட்டுலதானே இருந்தீங்க" என்றாள் சுலோசனா. முப்பது வருடமாக நான் வாங்கி வந்த பொருளின் பெயர் அவளுக்கு நினைவிருக்காது. இது மட்டும் நினைவிருக்கிறது.

எழிலரசி பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

காலையில் பார்த்தால் கூட்டில் ஒரு குளவிகூட இல்லை. பதினோரு குளவிகளும் போய்விட்டன. இனி இங்கே வளர்க்க ஒன்றும் இல்லை என்று அவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடும், ஒரேயடியாகக் கிளம்பிவிடும் என்றாள் எழிலரசி. எனக்குக் காபி இறங்கவில்லை. இந்த முறை காபியைக் குறை சொல்லவில்லை.

வெறும் கூடுதானே, எடுத்துவிடலாம் என்றாள். நான் ஸ்டூலில் நின்று காம்பை பிளேடால் அறுத்தேன். அவள் கீழே ஒரு டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றாள். எங்கள் இருவர் முகமும் கூட்டைப் பார்த்திருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது.

"அன்னிக்கு ஒரு விட்டில் வந்துச்சு. பேப்பரைச் சுருட்டி அடிச்சுட்டேன். அது உனக்கு வேண்டிய பூச்சின்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சப்புறமும் சொல்லலை."

"எத்தனை மணிக்குப்பா?" என்றாள்.

"ஆறே முக்கால்."

"வந்து எவ்வளவு நேரம் கழிச்சு அடிச்சீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும். அறை அறையா வால் நுனியை விட்டுக்கிட்டே நடந்துச்சு. என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

அவள் டப்பாவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. "அப்பா, அது முட்டை வெச்ச நேரம்பா. ஏழு மாசம் காத்துக்கிடந்தும் அது ஒண்ணுதான் எனக்குக் கிடைக்கலை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நாளிலிருந்து நூல் கட்டிய நாள்வரை விரல்விட்டு எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.

ஸ்டூலில் நின்றபடியே இன்னொன்றையும் சொல்லிவிட நினைத்தேன். வேலையை விட்ட அன்று, குளவிக்குப் பின்னால் போகிறவளுக்கு அப்பா எதற்கு என்று நான் சொன்னேனே, அதை.

"நீ வேலையை விட்ட அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"அதை நான் குறிச்சு வைக்கலைப்பா" என்றாள் எழிலரசி. "இறங்குங்க, விழுந்துடப் போறீங்க."

செப்டம்பர் 17, செவ்வாய்

கூட்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வேட்டித் துணியால் வாயைக் கட்டி வைத்திருந்தாள். காலையில் ஜாடிச் சுவரில் முதல் அந்துப்பூச்சி. சுண்டுவிரல் நகம் அளவுதான். பழம்புளி நிறம், ஓரத்தில் லேசாக ஊதா. பட்டுப்புடவையில் கரைக்கு அடுத்து வருமே, அந்த மாதிரி மினுக்கம். மூன்று பேரும் ஜாடியைச் சுற்றித் தலையை இடித்துக்கொண்டு பார்த்தோம்.

இதன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அழகு என்பதை மறைக்கக் கூடாது. இத்தனை சின்ன உருப்படியா ஒரு குடும்பத்தைக் காலி செய்தது என்றாள் சுலோசனா.

செப்டம்பர் 18, புதன்

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜாடியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அறிக்கையில் என் பெயரைப் போடப் போகிறாளாம், எப்படிப் போட வேண்டும் என்று கேட்டாள். நமசிவாயம், ஓய்வு பெற்ற முத்திரை ஆய்வாளர் என்றேன். "ஓய்வு எதுக்குப்பா? நீங்க எங்க ஓய்வா இருந்தீங்க?" என்று அதை அடித்துவிட்டாள்.

வீடு பெரிதாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ராமசுப்பு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் வீட்டு மாடிப்படியின் அடியில் பதினோரு குளவிகள் புதுக் கூடு கட்டுகின்றன. நான் கழியையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மண்ணெண்ணெய்த் துணியைத் தேடப் போகிறார் என்று நினைத்தால், மனிதர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அறிக்கையில் அவர் பெயரும் வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

குளித்துக்கொண்டிருக்கும்போது சுலோசனா கதவை இடித்தாள். உதவித்தொகையை இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள். முதலில் என் போனுக்குத்தான் அடித்திருக்கிறாள், நான் எடுக்காததால் அம்மாவுக்கு. தலை நிறையச் சோப்பு நுரையோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "சரி, சரி" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பத்து மணிவரை காத்திருக்கவில்லை. ஒன்பதரைக்கு நானே எழிலரசிக்குப் போன் செய்தேன். ராமசுப்பு வீட்டுக் கூட்டில் இருபத்தாறு அறை என்பதைச் சொல்வதற்காகக் காகிதத்தில் குறித்து எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அங்கே மழையாம். சமைக்கக் கற்றுக்கொள்கிறாளாம், ரசம் வரவில்லையாம். அம்மா பிறந்த நாளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டாள். நாற்பத்தொரு நிமிடம் பேசினோம்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன், காகிதம் மடித்தபடியே கையில் இருக்கிறது. குளவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.